வால்வுக்காரர் வீட்டு வாத்துகள்

வாங்க தம்பி, உள்ள வாங்க. மாடிப் போர்ஷன் பாக்கத்தான வந்தீங்க? புரோக்கர் போன் பண்ணிச் சொன்னான். செருப்ப ஓரமா விடுங்க. நடுவுல கெடந்தா வாத்து வந்து அலகால நோண்டும். கடிக்காது. என்ன ஏதுன்னு பாக்கும், அவ்வளவுதான்.

மாடிச் சாவி என் வீட்டுக்காரிகிட்ட இருக்கு. கடைவீதிக்குப் போயிருக்கா, வந்துருவா. அதுவரைக்கும் இப்படி நாற்காலியில உக்காருங்க. முன்ன இருந்த குடித்தனக்காரங்க ஏன் காலி பண்ணிட்டுப் போனாங்கன்னு நீங்க கேட்டிருப்பீங்க, வாத்துச் சத்தம்னு புரோக்கர் சொல்லியிருப்பான். சத்தமெல்லாம் ஒரு காரணமா? மாடிக்குக் காலையில அரை மணி நேரம், சாயங்காலம் அரை மணி நேரம் தண்ணி விட்டேன். மூணு பேருக்கு அது காணலயாம். நான் ஒண்ணும் வாய்க்கு வந்தபடி நேரம் வைக்கல. நானே சோப்புப் போட்டுக் குளிச்சு, எத்தன நிமிஷம் ஆகுதுன்னு வாட்ச் பாத்துத்தான் வச்சேன். அவங்க வீட்டுப் புள்ள தலைக்கு ஷாம்பூ போட்டு நின்னப்ப நேரம் முடிஞ்சு போச்சு. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

நான் யாருன்னு தெரியுமுல்ல? இந்த ஊருக்கு முப்பத்தோரு வருஷம் தண்ணி திறந்துவிட்டவன். வால்வுக்காரர் தனுஷ்கோடி வீடுன்னு பஸ் ஸ்டாண்டுல கேட்டா, கையப் பிடிச்சுக் கூட்டியாந்து விடுவாங்க. டேங்க்ல தண்ணி ஏறினதும் தெருத்தெருவாப் போகணும். ரோட்டுக் குழிக்குள்ள இருக்கிற வால்வ நீளச் சாவி போட்டுத் திருகி விடணும். நேரம் முடிஞ்சா அடைக்கணும். கேக்கிறதுக்குச் சின்ன வேலை. ஆனா அஞ்சு நாளைக்கு ஒருக்கா தண்ணி வர்ற ஊருல அந்தச் சாவிய வச்சிருக்கவன எல்லாரும் எந்திரிச்சு நின்னு கும்பிடுவாங்க.

நான் அதுக்கெல்லாம் மயங்கினதில்ல. இன்ன தெருவுக்கு ஒரு நிமிஷம் கூடுதலா விட்டான் தனுஷ்கோடின்னு ஒருத்தன் சொல்லட்டும் பாப்போம். ஒரு பெரிய மனுஷன் வீட்டுக் கல்யாணம், பந்தியில இலை போட்டாச்சு, ஆளு மேல ஆளு வருது, இன்னும் பத்து நிமிஷம் விடுங்கன்னு கெஞ்சினாங்க. நேரம் முடிஞ்சது, அடைச்சிட்டு சைக்கிள்ல ஏறிட்டேன். இந்தத் தெரு இருக்கே, என் சொந்தத் தெரு, இதக் கடைசி முறையா வச்சேன். அஞ்சாவது நாள் சாயங்காலம். டேங்க்ல அடிமட்டத் தண்ணிதான் இங்கிட்டு வரும், குழாய்ல நூல் மாதிரி விழும். வால்வுக்காரன் தன் வீட்டுக்கு முந்தித் திறந்துக்கிட்டான்னு ஒரு சொல்லு வந்துரக் கூடாது பாருங்க. அந்த விஷயத்துல நான் ரொம்பக் கண்டிப்பு.

போன ஆனி மாசம் ரிட்டயர்டு ஆனேன். மாலை போட்டாங்க, சால்வை போத்துனாங்க, ரெண்டு பேரு கண்ணு கலங்குனாங்க. வீட்டுக்கு வந்த சந்தோஷத்துல, "கனி, உனக்கு என்ன வேணும் கேளு"ன்னேன். சண்முகக்கனின்னு பேரு, நான் கனின்னுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகி முப்பத்தி நாலு வருஷத்துல வாயத் திறந்து ஒண்ணும் கேட்டதில்ல அவ. அப்படி ஒரு குணம். என்ன, ஒரு பட்டுச்சேலை கேப்பா, இல்ல திருச்செந்தூர் கூட்டிட்டுப் போகச் சொல்லுவான்னு நெனச்சேன்.

"எனக்கு நாலு வாத்து வேணும்"ங்கிறா.

அவ பொறந்தது வாய்க்கால் ஓரத்து ஊரு. அங்க வீட்டுக்கு வீடு வாத்து கெடக்கும். இந்தக் காஞ்ச ஊருல வாத்த வச்சு என்ன பண்ணப் போறன்னு கேட்டேன். முட்டைக்கான்னேன். இல்லங்கிறா. "நம்ம வீட்டுல கொஞ்சம் தண்ணி சும்மா கெடக்கணும். அதுல ஏதாச்சும் நீந்தணும். நான் உக்காந்து பாக்கணும்"ங்கிறா. தண்ணி சும்மா கெடக்கணுமாம். யாருகிட்ட வந்து கேக்கிறா பாருங்க. இருந்தாலும் கேளுன்னு சொன்ன வாய் என் வாய். சரின்னுட்டேன்.

அவ தம்பி ஒரு கூடையில வலையப் போட்டு மூடி, பஸ்ல கொண்டாந்து எறக்கினான். மூணு பொட்டை, ஒரு ஆணு. தம்பி, வாத்துல ஆணுக்குச் சத்தம் வராது, தெரியுமா? தொண்ட கட்டினவன் மாதிரி கரகரன்னு என்னமோ சொல்லும். ஊரக் கூட்டுறதெல்லாம் பொட்டைகதான். இத நான் சொல்றப்பல்லாம் கனி சிரிப்பா. ஏன் சிரிக்கிறான்னு இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல.

வீடு கட்டணும்ல அதுகளுக்கு? நான் சும்மா ஏனோதானோன்னு கட்டுற ஆளு இல்ல. நாலு இரும்புக்கால், நாலடி உயரம், மேல தகரக் கூண்டு, ஏறுறதுக்குச் சாய்வா ஒரு பலகை. நம்ம ஊரு மேல்நிலைத் தொட்டி இருக்குல்ல, அதே டிசைன். உயரத்துல இருந்தா பூனை ஏறாது, ஈரம் சேராது, கீழ கூட்டிப் பெருக்கலாம். பச்சைப் பெயிண்ட் அடிச்சு நம்பர் கூட எழுதினேன். சாயங்காலம் வாத்துகள ஏத்தப் போனா ஒண்ணு கூட பலகையில கால் வைக்கல. நாலும் கூண்டுக்குக் கீழ வந்து வரிசையா நின்னு என்னைய அண்ணாந்து பாத்துக் கத்துதுக. கனி சமையக்கட்டு சன்னல்ல இருந்து, "அது கோழி இல்லங்க, வாத்து. தரையிலதான் படுக்கும்"ங்கிறா. பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கலாம்ல? கேட்டா, "நீங்க கேக்கலயே"ங்கிறா.

சரின்னு பிரிச்சுப் போட்டுட்டு தரையிலேயே ஹாலோ பிளாக் அடுக்கிக் கட்டினேன். இடுப்பு உயரம், தகரக் கூரை, மேல ரெண்டு வரிசைக்குக் காத்துக்காக வலை. கீரி வருமேன்னு வலைய நெருக்கமா அடிச்சேன். அதெல்லாம் சரியா வந்துச்சு. தரைய மட்டும் சிமெண்ட் பூசி வழுவழுன்னு பாலிஷ் பண்ணிட்டேன், கழுவி விடுறதுக்குச் சுகமா இருக்கும்னு. உள்ள போன வாத்து வழுக்கிக்கிட்டு அந்தச் செவுத்துல போய் முட்டுச்சு. கனி எண்ணெய்ச் செக்குல போயி ஒரு சாக்குக் கடலைத்தோலு வாங்கியாந்து நாலு விரக்கடை கனத்துக்குப் பரப்பிவிட்டா. அன்னையிலருந்து அதுகளுக்கு நல்ல தூக்கம்.

வாத்து விடியறதுக்கு முன்னாடி முட்டை போடுற சாதி. நான் நாலரைக்கெல்லாம் கதவத் திறந்து விட்டேன், வேலைக்குப் போன பழக்கம். அதுக பாதி முட்டையக் கூண்டுலயும் மீதிய முருங்கை மரத்தடி, துவைக்கிற கல்லு, என் சைக்கிள் சக்கரத்துக்கிட்டன்னு போட்டு வச்சுச்சு. காக்காய்க்குக் கொண்டாட்டம். விடிஞ்சு ஆறு மணி வரைக்கும் அடைச்சு வையுங்கன்னு கனி சொன்னா. வச்சேன். அவ சொல்லி நான் கேக்க மாட்டேன்னு கெடையாது.

ஆனா தண்ணி விஷயத்துல அவ சொல்லி நான் கேக்க முடியுமா? நீங்களே சொல்லுங்க. பல்லு வைத்தியர்கிட்ட போயி பொண்டாட்டி பல்லு புடுங்கிக் காட்டுவாளா?

அந்தா பாருங்க, மதிலோரமா ஒரு தொட்டி. ஆறுக்கு நாலு, ஒண்ணரை அடி ஆழம், உள்ள எறங்க ரெண்டு படி, கீழ வடிகால். என் கையால கட்டினது. இப்ப என் சைக்கிள் நிக்குது அதுல, அத விடுங்க. நம்ம முறைக்கு வர்ற தண்ணிய ஏத்தி வைக்கிற மாடித் தொட்டியில இருந்து வீட்டுக்கு வர்ற லைன்ல ஒரு வால்வு வச்சு, அதுலருந்து சமையக்கட்டுக்கும் வாத்துத் தொட்டிக்கும் பிரிச்சு விட்டேன். ஒரே வால்வு, எல்லாம் என் கட்டுப்பாட்டுல. காலையில ஆறுல இருந்து ஏழு திறப்பேன். கனி சமையலுக்குப் பிடிச்சுக்கணும், வாத்து குளிச்சுக்கணும். ஏழு மணிக்கு அடைப்பு.

முதல் நாள் தொட்டி நெறஞ்சு நாலும் உள்ள எறங்கினப்ப கனி முக்காலியப் போட்டுக் கன்னத்துல கைய வச்சு உக்காந்துட்டா. தலையத் தண்ணிக்குள்ள விட்டு வாலத் தூக்கிக்கிட்டு நின்னுச்சு பாருங்க, எனக்கே சிரிப்பு வந்துருச்சு. ஆனா அஞ்சே நிமிஷம் தம்பி. அஞ்சு நிமிஷத்துல தொட்டித் தண்ணி டீத்தண்ணி ஆயிருச்சு. அத்தனை தண்ணியும் போச்சு. ஒரு தெருவுக்கு ஒரு நேரம் குடிக்கக் காணும் அது.

மறுநாளே தொட்டிய நிறுத்திட்டேன். குடிக்கிறதுக்குக் கோழிப் பண்ணையில வைக்கிற டப்பா ஒண்ணு வாங்கியாந்தேன், சுத்தி ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணி நிக்கும், சிந்தாது, சிதறாது. அதுவும் ஏழு மணி வரைக்கும்தான். தீவனம் ஒம்பது மணிக்கு, தவிடும் உடைச்ச கம்பும். ரெண்டையும் ஏன் பிரிச்சேன்னா, பக்கத்துல பக்கத்துல வச்சா இதுக வாயில தவிட்ட வச்சுக்கிட்டே தண்ணிக்கு ஓடுது, தண்ணிய வச்சுக்கிட்டு தவிட்டுக்கு ஓடுது. ஒரே சகதி. கனி சொன்னா, "அது ஒரு வாய் தின்னா ஒரு வாய் தண்ணி குடிக்கும். மூக்கு முங்கணும், கண்ண அலசணும். இந்த டப்பாவுல தலை போகாதுங்க." பழக்கினா பழகும்னேன். இந்த ஊரையே நான் பழக்கியிருக்கேன், நாலு வாத்தப் பழக்க முடியாதா?

ஒரு நாள் மத்தியானம் பாத்தா தொட்டி பாதிக்கு நெறஞ்சு கெடக்கு. கனிதான் வால்வத் திறந்திருக்கா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சண்டையெல்லாம் போடல. கடைக்குப் போயி ஒரு பூட்டு வாங்கியாந்து வால்வுல மாட்டி, சாவிய என் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். அவ பூட்டப் பாத்துட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டா. ஒத்துக்கிட்டான்னுதான நெனப்பீங்க? நானும் அப்படித்தான் நெனச்சேன்.

தை கடைசியில பென்சன்காரங்க சங்கத்துல ஒரு கூட்டம். தண்ணிச் சிக்கனம் பத்திப் பேசச் சொல்லி என்னையக் கூப்பிட்டிருந்தாங்க. நல்லாப் பேசினேன், கை தட்டுனாங்க. பதினொரு மணி வாக்குல வீட்டுக்கு வாரேன். கனி பின்னாடி தரையில உக்காந்திருக்கா. சேலையெல்லாம் நனைஞ்சு கெடக்கு. மடியில ஒரு வாத்து. கழுத்துல வெள்ளையா ஒரு வளையம் இருக்கும் அதுக்கு, அவளுக்கு ரொம்பப் பிரியமான பொட்டை. காஞ்ச தவிடு தொண்டையில அடைச்சு, கழுத்த முறுக்கிக்கிட்டு மூச்சுக்குத் தவிச்சிருக்கு. தண்ணி ஊத்தலாம்னா வால்வுல பூட்டு. சமையக்கட்டு டிரம்முல பிடிச்சு வச்சிருந்தத காலையில துணி துவைச்சு முடிச்சிட்டா. சாவி என்கூட மீட்டிங்குல. குடிக்க வச்சிருந்த ஒரு குடம் தண்ணிய எடுத்து, கைய வச்சு அலகப் பிரிச்சு ஊத்தி ஊத்தி, கழுத்த நீவி விட்டிருக்கா. தவிடு எறங்கிருச்சு. வாத்து பொழைச்சிருச்சு. கண்ணச் சிமிட்டிக்கிட்டு அவ மடியிலயே படுத்திருந்துச்சு.

நான் என்ன கேட்டேன்னா, "குடிக்கிற தண்ணியவா ஊத்துன?"ன்னு கேட்டேன்.

தப்புத்தான் தம்பி. அத இப்பச் சொல்லுவேன். ஆனா காலிக் குடத்தப் பாத்தா எனக்கு வாயில அதுதான் வரும்.

அவ வாத்த எறக்கி விட்டா. அந்தக் குடத்த எடுத்து இடுப்புல வச்சுக்கிட்டு வாசலுக்குப் போனா. எங்க போறன்னேன். "கிழக்குத் தெருவுல இன்னைக்குத் தண்ணி"ன்னா. போயிட்டா. நான் வாசல்லயே நின்னுட்டேன்.

அரை மணி நேரம் கழிச்சு அந்த முக்குல திரும்பி வாரா. ஒரு பக்கமா சாஞ்சு, இந்தக் கையத் தள்ளி வீசிக்கிட்டு, மெதுவா. நடுவுல ஒரு இடத்துல நின்னா. அங்க சாக்கடையோரமா ஒரு கல்லு கெடக்கு, குடத்த எறக்கி வைக்கிறதுக்குத் தோதா. அதுல எறக்கி வச்சு, முந்தானையால முகத்தத் தொடச்சு, இடுப்ப மாத்தித் தூக்கிக்கிட்டு வந்தா. இந்த ஊருல எந்தக் குழியில எந்த வால்வு, எத்தன சுத்துன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன். அப்படி ஒரு கல்லு கெடக்கிறது எனக்குத் தெரியாது. யோசிச்சுப் பாருங்க. நம்ம தெருத் தண்ணி காணாம முப்பத்தோரு வருஷமா அங்கருந்துதான் தூக்கியிருக்கா, அன்னைக்குத்தான் நான் பாக்கேன். கிழக்குத் தெருவுல தண்ணி வர்ற நேரம் நான் அங்கிட்டு வால்வு குழிகிட்டல்ல நிப்பேன், ரிட்டயர்டு ஆன பெறகு சங்கத்துல.

அன்னைக்கே பூட்டக் கழட்டிட்டேன். "தொட்டிக்கு எப்ப வேணும்னாலும் திறந்துக்கோ"ன்னேன். அவ வால்வத் தொடல. "உங்க தண்ணி உங்களுக்கு இருக்கட்டும். என் வாத்துக்கு நான் கொண்டாந்துக்கிறேன்"னா. கோவமாவும் சொல்லல, அதுதான் எனக்கு வலிச்சது. ஒரு பிளாஸ்டிக் டிரம்ம ரெண்டா அறுக்கச் சொல்லி, பாதிய மண்ணுல பதிச்சு வச்சா. அதான், அந்தா தெரியுது பாருங்க. தலை முங்குற ஆழம். ரெண்டு ரெண்டா எறங்கிக் குளிக்கும். அழுக்குத் தண்ணிய அப்படியே கவுத்தி முருங்கைக்கும் வாழைக்கும் விட்டுருவா. என் தொட்டித் தண்ணியில கால்வாசி கூட ஆகல. இது எனக்கு ஏன் தோணலன்னு தெரியல. கிழக்குத் தெரு முறை அஞ்சு நாளைக்கு ஒருக்கா. ரெண்டு முறை அவளே போயிட்டு வந்தா. என்கூடப் பேசுறா, சோறு போடுறா, எல்லாம் உண்டு. ஆனா வீட்டுல ஏதோ ஒண்ணு அடைச்ச மாதிரியே இருந்துச்சு. எனக்கு அது தாங்கல.

முந்தாநாள் மூணாவது முறை. காலையில பாத்தா அவளுக்கு முட்டி வீங்கியிருக்கு. குடத்துல கைய வைக்கப் போனா. நான் வெடுக்குன்னு பிடுங்கிக்கிட்டேன். டாக்டர் என்னைய நடக்கச் சொல்லியிருக்காருன்னேன். அவரு நெசமாவே சொல்லியிருக்காரு தம்பி, சுகருக்கு.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இடுப்புல குடம். கிழக்குத் தெருவே சிரிச்சுச்சு. வால்வுகிட்ட என் இடத்துக்கு வந்த பையன் நிக்கான். "என்ன அண்ணாச்சி, இன்ஸ்பெக்‌ஷனா?"ங்கிறான். எங்க தெருவுக்கு ஒரு பத்து நிமிஷம் கூட விடலாமேப்பான்னு மெதுவாக் கேட்டேன். "நீங்க போட்ட முறை அண்ணாச்சி. நான் மாத்தினா நல்லா இருக்குமா?"ன்னுட்டான். நல்ல பையன். நான்தான் பழக்கினேன்.

வரிசையில முன்னாடி எடம் விட்டாங்க. போயி நின்னேன். முனீஸ்வரின்னு ஒரு பொம்பள, எங்களுக்குப் பழக்கம். அது சொல்லுது, "அண்ணாச்சி, கனியக்கா இங்கன நிக்காது. அந்தா, கடைசியிலதான் நிக்கும்." ஏன்னு கேட்டேன். "வால்வுக்காரர் பொண்டாட்டி முந்திப் பிடிச்சான்னு உங்களுக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாதாம். முன்னால போக்கான்னு நாங்களே தள்ளிவிட்டாலும் வராது. பாதி நாளு அக்காவுக்கு எடம் வர்றதுக்குள்ள நீங்க அடைச்சிருவீங்க. வெறுங்குடத்தத் தூக்கிட்டுப் போகும்." சிரிச்சுக்கிட்டுத்தான் சொல்லுச்சு. எனக்கு உள்ள அத்துப்போச்சு.

நான் நேரத்துக்கு அடைக்கிறவன் தம்பி. பன்னெண்டரைன்னா பன்னெண்டரை. வரிசையில யாரு மிச்சம் நிக்கான்னு தலையத் தூக்கிப் பாக்க மாட்டேன். பாத்தா எரக்கம் வந்துரும், அடைக்க மனசு வராது. அதனாலயே பாக்க மாட்டேன்.

குடத்தத் தூக்கிக்கிட்டுக் கடைசிக்குப் போனேன். இருங்க அண்ணாச்சி, இங்கனயே பிடிங்கன்னு நாலு பேரு கூப்பிட்டாங்க. நான் நிக்கல. எனக்கு முன்னாடி பதினாலு குடம். ஒவ்வொண்ணா நகருது. பதினொண்ணு, எட்டு, அஞ்சு. வெயிலு மண்டையப் பொளக்குது. எனக்கு முன்னாடி ரெண்டே குடம் இருக்கிறப்ப குழாய் ஒரு இருமல் இருமுச்சு. அடைச்சிட்டான். வாட்சப் பாத்தேன், பன்னெண்டரை. ஒரு நிமிஷம் கூடவும் இல்ல, குறையவும் இல்ல. எனக்கு முன்னால நின்ன ரெண்டு பேரும் வெறுங்குடத்தத் தூக்கிக்கிட்டு நடந்துட்டாங்க. நானும் நடந்தேன்.

கனி வாசல்ல நிக்கா. பக்கத்துல நாலு வாத்தும் நிக்குது. குடத்துக்குள்ள எட்டிப் பாக்கணும்னு கூட அவளுக்கு அவசியப்படல, நான் பிடிச்சிருந்த விதத்துலயே தெரிஞ்சிருச்சு. நான் கேட்டேன், "இத்தன வருஷத்துல ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா கனி?"

"தண்ணி வர்ற நேரத்துக்கு நீங்க என்னைக்கு வீட்டுல இருந்தீங்க?"ன்னா.

அவ என் கையில இருந்த குடத்த வாங்கினா. செவுத்தோரமாக் கவுத்தி வச்சா. என் முகத்த ஒரு தடவ பாத்தா.

"மொதல்ல அப்படித்தான் இருக்கும். பழகிரும்"னா.